தீர்மானம் எண் 7: அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் ஆண்டுப் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரல் சென்ற வாரம் நம் 112 வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுவது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பழைய மோட்டாரை மாற்றுவது, லாரித் தண்ணீர் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது என வழக்கமான ஆறு தீர்மானங்களுக்குப் பின், 'குடியிருப்பின் பாதுகாப்பும் பண்பாடும்' என்ற தலைப்பில் ஏழாவதாக ஒன்று இடம்பெற்றிருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட நினைக்கும் உரிமையாளர், வரப்போகும் குடித்தனக்காரரை முதலில் நிர்வாகக் குழுவின் முன் அழைத்து வந்து ஒப்புதல் பெற வேண்டும். திருமணமாகாதவர்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது. 'குடியிருப்பின் பண்பாட்டுக்கு ஏற்ற குடும்பங்களுக்கு' மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவர்களும் பொருள் கொண்டுவந்து கொடுப்பவர்களும் பின்பக்க லிஃப்டில் மட்டுமே ஏற வேண்டும். மீறும் வீட்டுக்கு 5,000 ரூபாய் அபராதம், அதைக் கட்டாவிட்டால் தண்ணீர் நிறுத்தம். இவ்வளவும் ஒரே தீர்மானத்தில் அடங்கியிருக்கின்றன.

இதை உங்களுக்கு மட்டும் எழுதி அலுவலக அறையின் பெட்டியில் போட்டிருக்கலாம். ஆனால் ஏறத்தாழ இதே வாசகங்கள் கொண்ட சுற்றறிக்கைகளைச் சென்னையின் தெற்குப் புறநகரில் வேறு இரண்டு குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகைகளிலும் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒருவர் எழுதியதை வாட்ஸ்அப்பில் வாங்கி மற்றவர் எழுத்து மாறாமல் ஒட்டுகிறார் என்றே தோன்றுகிறது. ஆகவே நம் குடியிருப்பின் பெயரையும் எவருடைய பெயரையும் சொல்லாமல், இதே பொறுப்பில் வேறு இடங்களில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகள் இதே சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தவன் நான். மெயின்டனன்ஸ் ரசீதுகளிலும் சுற்றறிக்கைகளிலும் என் கையெழுத்து இருக்கிறது. வெளியே நின்று குற்றம் சொல்பவன் என்று என்னை எண்ண வேண்டாம். இந்த இயந்திரம் உள்ளே எப்படிச் சுழல்கிறது என்று பார்த்தவன், சில நேரம் என் கையாலேயே சுழற்றியவன் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

முதலில், சங்கம் எதற்காக இருக்கிறது என்பதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். நம் ஒவ்வொருவரின் கிரயப் பத்திரத்திலும் இரண்டு சொத்துகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று, நான்கு சுவருக்குள் இருக்கும் வீடு. மற்றொன்று, நிலத்தில் பிரிபடாத பங்கு. கீழ்த்தொட்டி, மோட்டார், மாடிப்படி, லிஃப்ட், மொட்டைமாடி, வாசல் கதவு ஆகியவற்றை 112 துண்டுகளாக வெட்டிப் பங்கு போட முடியாது என்பதால்தான் சங்கம் தேவைப்பட்டது. நம்முடையது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பொதுவிடங்களைக் கட்டுநர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் புதிய சட்டம் இயற்றியது. நான் படித்தவரை, இவற்றில் ஒரு பிரிவுகூட, பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையைச் சங்கத்திடம் கொடுக்கவில்லை. நாம் யாரும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்து இங்கே வந்தவர்கள் அல்லர். பணம் கட்டியவருக்குக் கட்டுநர் விற்றார், அவ்வளவுதான்.

ஆனால் மோட்டார் அறையின் சாவியும் வாசல் கதவும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்களிடம், அவர்கள் கேட்காமலேயே, வேறொரு அதிகாரமும் வந்து சேர்ந்துவிடுகிறது. தெருவில் தனி வீட்டில் இருப்பவருக்கு என்னைப் பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைத் தவிர அவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இங்கே அப்படி இல்லை. சாமான் ஏற்றிவந்த வண்டியை வாசலில் நிறுத்திவைக்கலாம். 'லிஃப்ட் இன்று சர்வீஸில் இருக்கிறது' என்று சொல்லி நான்கு மாடி ஏறவைக்கலாம். கார் நிறுத்துமிடத்தின் எண்ணை மாற்றிக் கொடுக்கலாம். காலி செய்யும்போது தேவைப்படும் பாக்கியில்லாச் சான்றைப் பத்து நாள் தள்ளிப் போடலாம். இவற்றில் எதற்கும் காரணம் எழுத வேண்டியதில்லை. எதிலும் கையெழுத்து இருக்காது. நான் பொறுப்பில் இருந்த காலத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் வாடகைக்கு வர விரும்பியது. அன்றைய நிர்வாகக் குழு அவர்களை மறுக்கவில்லை. மறுத்ததாக நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒரு வரியும் கிடையாது. உரிமையாளரை அழைத்து, கார் நிறுத்துமிடம் தகராறில் இருக்கிறது, கீழ்வீட்டுக்காரர் ஒழுகலைப் பற்றிப் புகார் கொடுத்திருக்கிறார், முதலில் அதைச் சரிசெய்யுங்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். மூன்று வாரத்தில் அவர்களே வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். அதற்கடுத்த மாதம் வேறொரு குடும்பம் அதே வீட்டுக்கு வந்தது. ஒழுகலைப் பற்றி அப்போது ஒருவரும் பேசவில்லை.

சங்கம் என்ற அமைப்பைப் பற்றி எனக்கு உள்ள முதன்மையான அச்சம் இதுதான். பாகுபாடு காட்டும் மனிதர்கள் எங்கும் இருக்கிறார்கள். சங்கத்தில் மட்டும் அதிகம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சங்கம் அந்தப் பாகுபாட்டுக்கு ஒரு பெரிய வசதியைச் செய்துகொடுக்கிறது. இல்லை என்று சொல்ல ஆள் தேவையில்லாமல் ஆகிவிடுகிறது. வீடு கேட்டு வருபவரிடம் உரிமையாளர், 'எனக்கு ஒன்றுமில்லை சார், அசோசியேஷன்தான் ஒத்துக்கொள்ளாது' என்கிறார். நிர்வாகியைக் கேட்டால், 'எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆட்சேபணை கிடையாது, பெரும்பான்மை உறுப்பினர்களின் விருப்பம் அப்படி' என்கிறார். பெரும்பான்மை உறுப்பினர்களோ கூட்டத்துக்கே வருவதில்லை. கடைசியில் அந்த 'இல்லை'யை வாய் திறந்து சொல்லும் வேலை, ஒடிசாவிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்து பன்னிரண்டு மணி நேரம் வாசலில் நிற்கும் காவலாளியின் தலையில் விழுகிறது. அவரும், 'மேலே சொன்னார்கள்' என்கிறார். மேலே யார் என்று தேடிப் போனால் அங்கே ஒருவரும் இல்லை.

இது புதிதன்று. 1917-இல் பரோடா சமஸ்தானப் பணியில் சேரச் சென்ற அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் வேற்றுப் பெயரில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் காலையில் தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். அந்தச் செய்தி பலருக்கும் தெரியும். அன்றைக்கே அவர் இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டார் என்பதும் அவர்கள் சொன்ன பதிலும்தான் என்னை அதிகம் உறுத்துகின்றன. இந்து நண்பர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறித்தவ நண்பர், மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இருவருமே 'நான் தரமாட்டேன்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வேலைக்காரர்களின் பின்னால் நின்றார், மற்றவர் மனைவியின் பின்னால் நின்றார். நாம் இன்று சங்கத்தின் பின்னால் நிற்கிறோம்.

பொருளியல் அறிஞர் சுக்தேவ் தோரட்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் நடத்திய ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. ஒரே தகுதியுள்ளவர்கள் போல வீடு கேட்டபோது, உயர்சாதிப் பெயர் கொண்டவர்களில் ஒருவருக்கும் மறுப்பு வரவில்லை. தலித் பெயர் கொண்டவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கும், முஸ்லிம் பெயர் கொண்டவர்களில் முப்பத்தொரு பேருக்கும் நேரடியாகவே இல்லை என்ற பதில் வந்தது. அது வடக்கே, நம்மூர் அப்படியில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்மூரில் பெயரோடு சாதியை எழுதும் வழக்கம் குறைந்துவிட்டதால் கேள்விகளின் வடிவம்தான் மாறியிருக்கிறது. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, வீட்டில் சைவமா அசைவமா? இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் ஐந்தாவது கேள்வி தேவைப்படாது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். தீர்மானம் எண் 7 நிறைவேறினால், இதுவரை தனிப்பட்ட உரிமையாளர்கள் தொலைபேசியில் கூச்சத்தோடு கேட்டுவந்த இந்தக் கேள்விகளை, நிர்வாகக் குழு மேசை போட்டு உட்கார்ந்து கேட்கும். 'பண்பாட்டுக்கு ஏற்ற குடும்பம்' என்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று நான் செயலாளரிடம் கேட்டேன். அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றார். எல்லோருக்கும் தெரிந்ததை ஏன் எழுத முடியவில்லை என்பதே என் கேள்வி.

லிஃப்டைப் பற்றிய பகுதிக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. நம் முன்பக்க லிஃப்டின் உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் 8 பேர், 544 கிலோ என்று எழுதியிருக்கிறது. எந்த எட்டுப் பேர் என்று எழுதவில்லை. கூட்டம் அதிகமாகிறது என்பதுதான் காரணமென்றால், காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் இறங்கும் நேரத்தில்தான் கூட்டம் இருக்கிறது. அப்போது வீட்டு வேலைக்கு வருபவர்கள் நம் சமையலறைகளில் இருக்கிறார்கள். பின்பக்க லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் ஓடுவதில்லை என்பதையும் பராமரிப்புக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்லிவைக்கிறேன்.

இனி என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில், தொற்றுநோய் அச்சம் உச்சத்தில் இருந்தபோது, நம் மூன்றாவது பிளாக்கின் நான்காம் மாடியில் அரசு மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் குடியிருந்தார். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, படியில்தான் ஏற வேண்டும், கைப்பிடியைத் தொடக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை தயாரானது. அதில் அவர் பெயர் இல்லை. ஆனால் 112 வீடுகளில் மருத்துவமனைப் பணிக்குப் போனவர் அவர் ஒருவர்தான் என்பதால் பெயர் எழுதத் தேவையும் இருக்கவில்லை. தலைவரும் செயலாளரும் ஊரில் இல்லாததால் அதில் நான் கையெழுத்திட்டேன். இரவுப் பணி முடிந்து காலை ஒன்பது மணிக்கு அவர் படியேறுவதை என் வீட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சற்று நின்றுவிட்டு ஏறுவார். அதே மாதம்தான் சென்னையில், தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்தது ஒரு கூட்டம். அந்தச் செய்தியைப் படித்து, 'இப்படியும் மனிதர்களா' என்று நம் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுதியவன் நான்தான். ஏப்ரல் 22 அன்று மத்திய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தி, மருத்துவப் பணியாளர்களின் வாழ்க்கையையும் பணியையும் பாதிக்கும் துன்புறுத்தலைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் நம் சுற்றறிக்கை பலகையிலேயே இருந்தது. ஜூன் மாதம் அவர் காலி செய்தார். பாக்கியில்லை என்ற சான்றையும் நான்தான் கொடுத்தேன். நன்றி சார் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டது, 'குழு முடிவு செய்தது, நான் கையெழுத்துதான் போட்டேன்' என்பது. குழுவில் இருந்த மற்றவர்களும் தங்களுக்குள், 'நாங்கள் பேசத்தான் செய்தோம், பொருளாளர்தான் சுற்றறிக்கை விட்டார்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆறு பேர் சேர்ந்து செய்த செயலில் ஒருவருக்கும் பங்கில்லாமல் போனது.

அபராதமும் தண்ணீர் நிறுத்தமும் எவர் மீது பாயும் என்பதையும் என் கணக்குப் புத்தகத்திலிருந்தே சொல்ல முடியும். நான் பொறுப்பேற்ற ஆண்டில் மிகப் பெரிய மெயின்டனன்ஸ் பாக்கி, சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவருடையது. அவர் பெயர் ஒருநாளும் பலகையில் ஏறவில்லை. இரண்டு மாத பாக்கி வைத்திருந்த குடித்தனக்காரர் ஒருவரின் வீட்டு எண்ணைச் சிவப்பு மையில் எழுதி லிஃப்ட் வாசலில் ஒட்டினோம். விதி இருவருக்கும் ஒன்றுதான். அதைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதில்தான் அதிகாரம் இருக்கிறது. நாளைக்குத் தீர்மானம் எண் 7 வந்தால், உங்கள் சீட்டாட்டக் கூட்டாளியின் மகன் நண்பர்களோடு தங்கியிருப்பது பேச்சிலர் குடியிருப்பாக உங்கள் கண்ணில் படாது. மூன்றாம் மாடியில் மூன்று செவிலியர் மாணவிகள் சேர்ந்து தங்கினால் படும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கினார்கள் என்பதற்காகக் கோயம்புத்தூரில் ஒரு விடுதிக்கு அதிகாரிகள் முத்திரை வைத்த வழக்கில், அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, முத்திரையை அகற்ற உத்தரவிட்டது. அரசு அதிகாரியாலேயே முடியாததை ஐந்து பேர் கொண்ட குழு செய்ய நினைக்கிறது. தண்ணீரைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், குடித்தனக்காரருக்குத் தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், மாடிப்படி விளக்கு போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்துவதை உரிமையாளருக்கே தடை செய்கிறது. தானும் நிறுத்தக் கூடாது, வேறொருவரைக் கொண்டும் நிறுத்தக் கூடாது. 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவரை எந்தப் பகுதியிலும் வீடு வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. குடித்தனக்காரரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க உரிமையாளருக்கு வழி இருக்கிறது. சரிபார்ப்பது காவல்துறையின் வேலை. அதற்காக எவரும் குலதெய்வத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

குழுவில் உள்ள வழக்கறிஞர் நண்பர் ஒருவர் 2005-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டுவார் என்று எதிர்பார்க்கிறேன். அகமதாபாத்தில் பார்சிகள் அமைத்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், உறுப்பினர் உரிமையைப் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்தது செல்லும் என்றது அந்தத் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சட்டம் படிக்காதவன் உச்ச நீதிமன்றத்தோடு உடன்படாமல் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது என்பதும் தெரியும். ஆனால் அந்தச் சங்கம் தொடங்கும்போதே ஒரு சமூகத்தார் தமக்குள் கூடி அமைத்தது. விதியை ஏற்றுக்கொண்டவர்கள்தான் உறுப்பினரானார்கள். நம் சங்கத்தில் யாரும் எந்தப் பண்பாட்டையும் ஏற்று உறுப்பினராகவில்லை. பத்திரம் பதிவானதும் உறுப்பினரானோம். அந்தத் தீர்ப்பை இங்கே நீட்ட முடியாது. இதே கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் வேறு விதமாக விடை சொன்னது. செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஒரு தெருவில் வீட்டுக்காரர்கள் 1911-இல் கூடி, கறுப்பினத்தவருக்கும் 'மங்கோலிய இனத்தவர்' என்று அவர்கள் அழைத்த ஆசியர்களுக்கும் ஐம்பது ஆண்டுகளுக்கு வீடு இல்லை என்று ஒப்பந்தம் எழுதியிருந்தார்கள். 1945-இல் அந்தத் தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் வீடு வாங்கியது. தனியார் தமக்குள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் அதை நிறைவேற்ற அரசின் நீதிமன்றம் கை கொடுக்காது என்றது அந்தத் தீர்ப்பு. நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று அந்த நாட்டின் புறநகர்களில், இத்தகைய சங்கங்களின் கீழேதான் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். அத்தகைய ஒப்பந்தங்களுக்கு நீதிமன்றங்கள் இன்றும் கை கொடுத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் அங்கே வீடு கிடைக்காமல் போயிருக்கலாம்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களின் எல்லாக் கவலையும் பொய்யென்று நான் சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் இரவு இரண்டு மணி வரை பாட்டுச் சத்தம் கேட்டது உண்மை. கண்ணாடிப் போத்தல்கள் மேலிருந்து விழுந்ததும் உண்மை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று நாடு முழுவதற்கும் 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. அதை நடைமுறைப்படுத்துங்கள், எந்த வீடாக இருந்தாலும். சத்தம் போட்டவரைச் சத்தத்துக்காகக் கேளுங்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காதீர்கள். அதே ஆண்டு, மொட்டைமாடியில் நடந்த அறுபதாம் கல்யாணத்தில் நள்ளிரவு வரை ஒலித்த இன்னிசைக் கச்சேரிக்கு நம்மில் பாதிப் பேர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்பதையும் நான் மறந்துவிடவில்லை. பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

பிடிக்காதவர்கள் முறையிடட்டும் என்று நீங்கள் சொல்லலாம். எங்கே முறையிடுவது? சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின் கீழ், சங்கத்தின் நடைமுறையைப் பற்றி விசாரிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் இருக்கிறது. அவர் தாமாகவே முன்வரலாம். இல்லையென்றால், நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையோ உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ விண்ணப்பிக்க வேண்டும். நம் குடியிருப்பில் அது 38 வீடுகள். ஒற்றைக் குடும்பமாக இருப்பதால்தானே ஒருவர் ஒதுக்கப்படுகிறார். அவருக்கு 38 கையெழுத்துக் கிடைக்குமானால் அவரை முதலில் ஒதுக்கியிருக்கவே முடியாதே. இதில் குடித்தனக்காரர்களின் நிலை இன்னும் மோசம். மாதம் தவறாமல் மெயின்டனன்ஸ் கட்டுபவர்கள் பல வீடுகளில் அவர்கள்தான், ஆனால் அவர்கள் உறுப்பினர்களே அல்லர். தங்களைப் பற்றிய தீர்மானம் நிறைவேறும் கூட்டத்தில் உட்கார நாற்காலிகூட அவர்களுக்குக் கிடையாது. இடையில் ஒன்று: நம்மில் பல வீடுகளின் பத்திரம் மனைவியின் பெயரில் இருக்கிறது, ஆனால் குழுவிலிருக்கும் ஐந்து பேரும் ஆண்கள். உறுப்பினர் பதிவேட்டின்படி பார்த்தால் அந்த ஐவரில் இருவர் உறுப்பினர்தானா என்பதே ஐயம். அதை இப்போது கிளற வேண்டாம்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் எண் 7-ஐத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். திரும்பப் பெற மனமில்லையென்றால், இரண்டு சிறிய திருத்தங்களையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். முதலாவதாக, கையைத் தூக்கி எண்ணும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் ஆதரித்தாரா எதிர்த்தாரா என்பதைப் பெயரோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும். இரண்டாவதாக, வீடு கேட்டு வந்த ஒருவரை நிர்வாகக் குழு மறுத்தால், மறுப்பின் காரணத்தை எழுத்தில், மறுத்தவர்களின் கையெழுத்தோடு, அவரிடமே கொடுக்க வேண்டும். காவலாளி வாயால் சொல்லக் கூடாது. காரணம் நேர்மையானதாக இருந்தால் அதை எழுதுவதில் உங்களுக்கு இடைஞ்சல் எதுவும் இருக்க முடியாது.

மேலும் ஒரு தீர்மானத்தை நானே முன்மொழிகிறேன். நிகழ்ச்சி நிரலில் எட்டாவதாகச் சேர்த்துக்கொள்ளவும். 2020 ஏப்ரலில் வெளியான, மருத்துவமனைப் பணியாளர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்ற சுற்றறிக்கை இன்று வரை முறைப்படி ரத்து செய்யப்படவில்லை. பலகையிலிருந்து கிழிந்து விழுந்ததே தவிர, நம் பதிவேட்டில் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. அதை ரத்து செய்வதோடு, சங்கம் அன்று செய்தது தவறு என்று ஒரு வரி எழுதி, அந்தச் செவிலியரின் இப்போதைய முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். முகவரி அவருடைய பழைய வீட்டு உரிமையாளரிடம் இருக்கிறது, கேட்டு வாங்கிவிட்டேன். மடலில் பழைய பொருளாளர் என்ற முறையில் நான் கையெழுத்திடுகிறேன். தீர்மானத்தை வழிமொழிய ஓர் உறுப்பினர் தேவை. முன்வருபவர் கூட்டத்துக்கு முன் அலுவலக அறையில் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் சங்கத்தின் உறுப்பினர், முன்னாள் பொருளாளர்